ஆவணத்துக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம்: புதுப் பொருள் உருவாக்கத்துக்கு இது உதவுமா?

கியர்பெட்டி:

வணக்கம். சிறிய மோட்டார்களும் அவற்றுக்கான கன்ட்ரோலர்களும் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் புதுப் பொருள் உருவாக்கப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடைசி இரண்டு பொருட்களும் தாமதமாகத்தான் சந்தைக்குப் போயின. ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது இரண்டிலும் ஒரே கதை. சர்க்யூட் போர்டைப் பாதுகாக்கச் சுற்றி ஊற்றி இறுக விடும் பிசின் (ரெசின்), சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி வைத்துச் சோதிக்கும்போது விரிசல் விட்டது. அதைச் சரிசெய்ய டீம் பல மாதம் போராடியது. அப்புறம்தான் தெரிந்தது, பக்கத்துப் பிரிவில் வேறொரு பொருளுக்காக இதே விரிசலை எப்போதோ தீர்த்திருக்கிறார்கள். ரெசினை மாற்றவே இல்லை. ஊற்றும் வரிசையையும் இறுக விடும் வெப்பநிலையையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த விவரம் யாரோ ஒருவருடைய நோட்டில் இருந்தது. எங்களுக்கு அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது நிர்வாகம் ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறது. எல்லோரும் கற்றதை ஒரு போர்ட்டலில் ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் புள்ளி. வருடக் கடைசியில் அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குப் பணம். கூடவே, சொன்ன தேதிக்குள் பொருளைக் கொண்டுவரும் டீமுக்குத் தனி போனஸ். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஏதோ இடிக்கிறது. எங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்லலாம்?

ஆய்வேடு:

இடிப்பது எங்கே என்று சொல்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு பரிசுகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

பக்கத்துப் பிரிவில் ரெசின் விரிசலைத் தீர்த்தவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய டீமுக்கும் ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதிக்கு ஒரு போனஸ் இருக்கிறது. நீங்கள் போய் அவரிடம் இரண்டு நாள் உட்கார்ந்தால், அந்த இரண்டு நாள் அவர் டீமின் கணக்கிலிருந்து போகிறது. உங்கள் பொருள் சீக்கிரம் வந்தால் அவருக்கு எதுவும் இல்லை. அவர் நல்லவராக இருந்தால் உதவுவார். ஆனால் நல்லவராக இருப்பதற்கு அவர் கைக்காசைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. சரி, போர்ட்டலில் எழுதிப் போட்டால் புள்ளி வருமே என்பீர்கள். வரும். அவர் ஒரு பக்கம் எழுதிப் போடுவார், புள்ளி வந்துவிடும், உங்களோடு உட்கார வேண்டிய அவசியம் அதோடு முடிந்துபோகும்.

ஸ்டீவன் கெர் 1975-ல் எழுதிய மேலாண்மைக் கட்டுரை ஒன்று இன்றும் படிக்கப்படுகிறது. ஒன்றுக்குப் பரிசு கொடுத்துவிட்டு வேறொன்று நடக்கும் என்று காத்திருப்பதன் அபத்தம்தான் அதன் மையம். உங்கள் திட்டத்தில் பரிசு ஆவணத்துக்கு. எதிர்பார்ப்போ, அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக வேண்டும் என்பது. இரண்டும் வேறு வேறு.

ஆய்வுகளும் இதை ஆதரிக்கின்றன. கொரிய நிறுவனங்களில் மேலாளர்களிடம் நடத்திய ஆய்வை பாக், ஸ்மட் முதலியோர் 2005-ல் வெளியிட்டார்கள். வெகுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அறிவைப் பகிரும் மனநிலையைக் கூட்டவில்லை, குறைத்தது. சக ஊழியர்களோடு இருக்கும் உறவும், தன்னால் நிறுவனத்துக்குப் பயன் உண்டு என்ற உணர்வும்தான் தூண்டுதலாக இருந்தன. பரிசையும் செயல்திறனையும் பற்றிய நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் செராசோலி குழு ஒரு முடிவுக்கு வந்தது: பரிசு வேலையின் அளவோடு நெருக்கமாகச் சேர்ந்து வருகிறது, உள்ளார்ந்த ஆர்வம் வேலையின் தரத்தோடு. புதுப் பொருள் உருவாக்கத்தில் உங்களுக்கு எது குறைவு, அளவா தரமா?

நிதிமேசை:

பணத்தை இப்படி ஒரேயடியாகக் கீழே தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. "ஆர்வம் போதும், பாராட்டுப் போதும்" என்று சொல்வது பெரும்பாலும் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு வசதியான பேச்சு.

ஷூஜி நாகமுராவின் கதை எல்லோருக்கும் தெரியும். நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, பிரகாசமான நீல எல்இடியை 1993-ல் சாத்தியமாக்கியவர். வெள்ளை எல்இடி விளக்குகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. கண்டுபிடிப்புக்கு நிறுவனம் கொடுத்த தொகை 20,000 யென். வேலையை விட்டபின் 2001-ல் வழக்குப் போட்டார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 2005-ல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-ல் அகசாகி, அமானோ ஆகியோரோடு நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஜப்பான் தன் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியர் கண்டுபிடிப்பு பற்றிய பிரிவைத் திருத்தியதற்கு இப்படிப்பட்ட வழக்குகள் முக்கியக் காரணம்.

ஜெர்மனியில் இது 1957-லேயே தனிச் சட்டம். ஊழியர் செய்த கண்டுபிடிப்பை நிறுவனம் எடுத்துக்கொண்டால் நியாயமான ஈடு கொடுத்தாக வேண்டும். அவர் எந்தப் பொறுப்பில் இருந்தார், பிரச்சினையை யார் கொடுத்தது, தீர்க்க நிறுவனம் எவ்வளவு உதவியது என்றெல்லாம் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சட்டத்தால் ஜெர்மனியில் புதுப் பொருட்கள் நின்றுபோகவில்லையே?

தன் உழைப்பில் இன்னொருவர் சம்பாதிக்கிறார் என்று ஒருவர் உணர்ந்துவிட்டால், அதற்குப் பின் எந்த போர்ட்டலும் அவரைப் பேச வைக்காது.

சர்வீஸ்பையன்:

நிதிமேசை சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காப்புரிமைக்கு ஈடு கொடுப்பது வேறு, அன்றாட அறிவுக்குப் புள்ளி கொடுப்பது வேறு. கண்டுபிடிப்பில் யார் செய்தது என்று ஓரளவு சுட்டிக்காட்ட முடியும். "இறுக விடும் வெப்பநிலையைக் குறைத்துப் பார்" என்பது மாதிரியான அறிவு பல கைகள் மாறி வந்தது.

நான் பழுதுபார்க்கும் பக்கத்திலிருந்து வந்தவன், அதனால் ஜெராக்ஸ் நிறுவனத்தின் யுரேகா முறையைச் சொல்லியே ஆக வேண்டும். நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் வேலையில் கண்டுபிடித்த தந்திரங்களைச் சேர்த்து வைக்க 1990-களில் பிரான்சில் தொடங்கியது. அதற்கு முன்பே ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் அந்த டெக்னீஷியன்களோடு சுற்றிப் பார்த்திருந்தார். கையேட்டில் இல்லாத பழுதை அவர்கள் தீர்ப்பது, சாப்பிடும் நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இயந்திரக் கதைகளால்தான் என்று அவர் கண்டார்.

யுரேகாவில் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது டெக்னீஷியன்களே வேண்டாம் என்றார்கள். பணம் வந்தால் எண்ணிக்கைதான் ஏறும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பதில், குறிப்பின் மேல் எழுதியவர் பெயர் இருக்கும். அனுபவமுள்ள சக டெக்னீஷியன்கள் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது எல்லோருக்கும் போகும். ஒரு குறிப்பு உங்கள் பெயரோடு வேறு நாட்டில் இருக்கும் டெக்னீஷியனைக் காப்பாற்றினால், அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இதைச் சும்மா சொல்லவில்லை. நான் எழுதிய ஒரு பழுதுக் குறிப்பைப் பற்றி, நான் முகமே பார்த்திராத ஒருவர் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னார். அந்த வருட போனஸ் எவ்வளவு என்று இப்போது நினைவில்லை, அந்தப் போன் நினைவிருக்கிறது.

மேசைஎச்ஆர்:

நான் எச்ஆர் பக்கம். எங்கள் சங்கடத்தையும் கொஞ்சம் கேளுங்கள். "பெயர் போடுங்கள், மரியாதை கொடுங்கள்" என்று நிர்வாகத்திடம் போய்ச் சொன்னால், "அதை எப்படி அளப்பது?" என்பார்கள். ஆவண எண்ணிக்கையை அளக்க முடியும். அதனால்தான் எல்லாத் திட்டமும் கடைசியில் எண்ணிக்கையில் போய் நிற்கிறது. யாரும் முட்டாள்தனமாகச் செய்வதில்லை.

ஆய்வேடு:

@மேசைஎச்ஆர், அது உண்மையான சங்கடம்தான். ஆனால் அளக்கவே முடியாது என்பதில்லை. சீமன்ஸ் நிறுவனத்தின் தொலைத்தொடர்புப் பிரிவில் ஷேர்நெட் என்று ஒரு அமைப்பு 1990-களின் கடைசியில் வந்தது. அதிலும் புள்ளி உண்டு, புள்ளிகளைச் சேர்த்துப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். பதிவுகள் குவிந்தன, தரம் பற்றிய கவலையும் கூடவே வந்தது. அதனால் எழுதியதற்கு என்று மட்டும் இல்லாமல், படித்துப் பயன்படுத்தியவர்கள் கொடுக்கும் மதிப்பீட்டின் பக்கம் புள்ளிகளை நகர்த்தினார்கள்.

எனக்கு அதில் இன்னும் முக்கியமாகப் படுவது, அதே அமைப்பின் தொடக்கத்தில் மேலாளர்களுக்கு வைத்த போனஸ். ஒரு நாட்டுக் கிளையின் அறிவை இன்னொரு கிளை எடுத்து வியாபாரம் செய்தால், கொடுத்தவர், எடுத்தவர் இரண்டு பேருக்கும் பலன். எடுத்தவருக்கும் என்பதுதான் இதில் புதிது. மற்றவர் தீர்வை எடுத்துக்கொள்வதை நம் டிசைன் பிரிவுகள் கொஞ்சம் மட்டமாகப் பார்க்கின்றன. தானே புதிதாகச் செய்தவருக்குத்தான் கைதட்டல். கியர்பெட்டி "நாங்களும் கேட்கவில்லை" என்று எழுதியதைக் கவனித்தீர்களா? கேட்டிருந்தால் அவர் டீமில் யாராவது பாராட்டியிருப்பார்களா?

கியர்பெட்டி:

மாட்டார்கள். "இதுகூடத் தெரியாதா" என்றுதான் வந்திருக்கும். எங்கள் அப்ரைசல் படிவத்தில் "சுயமாகச் செய்த புதுமை" என்று ஒரு வரி இருக்கிறது. பிறரிடமிருந்து எடுத்துப் பயன்படுத்தியதை எழுத இடமே இல்லை.

வார்ப்புக்கூடம்:

எல்லோரும் எழுத்தில் இருக்கும் அறிவைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கவலை வேறு. புதுப் பொருளைத் தாமதப்படுத்தும் அறிவில் பெரும்பங்கு எழுத்தில் வராதது. தெரிந்தவருக்கே தனக்குத் தெரியும் என்பது தெரியாது. மைக்கேல் பொலானி 1960-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் நமக்குத் தெரியும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான எடுத்துக்காட்டு, அமெரிக்க அணு ஆயுதங்களில் பயன்படும் ஃபாக்பேங்க் என்ற பொருள். 1975-லிருந்து 1989 வரை செய்தார்கள். அப்புறம் கூடம் மூடப்பட்டது. 2000-க்குப் பிறகு பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்க மறுபடியும் தேவைப்பட்டபோது, பதிவுகள் குறைவு, செய்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மீண்டும் கூடம் கட்டி, செய்முறையைத் திரும்ப உருவாக்கியும் சரியாக வரவில்லை. வருடக்கணக்கில் தாமதம், கோடிக்கணக்கில் டாலர். கடைசியில் தெரிந்தது இதுதான்: பழைய முறையில் மூலப்பொருளோடு ஒரு கலப்பு சேர்ந்தே வந்திருக்கிறது, அந்தக் கலப்பு பொருளுக்கு அவசியம். புதிய முறையில் நன்றாகச் சுத்தம் செய்து அதை நீக்கிவிட்டார்கள். அந்தக் கலப்பு வேலை செய்கிறது என்று பழைய ஆட்களுக்கே தெரியாது! தெரியாததை போர்ட்டலில் எப்படி ஏற்றுவார்கள்? எத்தனை புள்ளி கொடுத்தாலும் வராது.

இதற்கு நேர்மாறான கதை ஜப்பானில் மட்சுஷிதா நிறுவனத்தின் ரொட்டி செய்யும் இயந்திரம். மேலாண்மை அறிஞர் நோனாகா எழுதியதால் பிரபலமானது. இயந்திரம் பிசைந்த மாவில் ரொட்டி சரியாக வரவில்லை. மேலே கருகி உள்ளே வேகாமல் இருந்தது. குழுவிலிருந்த மென்பொருள் வல்லுநர் இகுகோ தனாகா, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். கையைப் பார்த்துப் பார்த்து, அவர் மாவை இழுக்கும்போது கூடவே முறுக்குகிறார் என்பதைப் பிடித்தார். அதை இயந்திரத்துக்குள் சிறப்பு விலாக்களாகக் கொண்டுவந்தார்கள். 1987-ல் பொருள் வெளியானது. அந்த ரொட்டிக்காரர் தன் கைவேலையை எழுதிக்கொடுத்திருந்தால் "மாவை இழுக்கவும்" என்றுதான் எழுதியிருப்பார். முறுக்குவது எழுத்தில் வந்திருக்காது.

அதனால் நான் கேட்பது பணம் அல்ல, பாராட்டும் அல்ல. நேரம். ஒருவர் இன்னொருவரோடு வேலை மேசையில் நிற்க அனுமதிக்கப்பட்ட நேரம்.

மூன்றாம்தளம்:

வார்ப்புக்கூடம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். 3எம் நிறுவனத்தின் 15 சதவீத நேரம், அதாவது வேலை நேரத்தில் அவ்வளவு பங்கைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கம், இங்கே வந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கதையை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள்.

அங்கே விஞ்ஞானியாக இருந்த ஸ்பென்சர் சில்வர் 1968-ல் ஒரு பலவீனமான பசையைக் கண்டார். ஒட்டும், எளிதாக உரித்தெடுக்கலாம், மறுபடி ஒட்டும். எதற்கு என்று தெரியவில்லை. அடுத்த சில வருடங்கள் அவர் நிறுவனத்துக்குள் கருத்தரங்கு கருத்தரங்காகப் போய் அதைக் காட்டிக்கொண்டே இருந்தார். அப்படி அதைப் பற்றி அறிந்த சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டு நழுவி விழுவதற்கு 1974-ல் அதை நினைத்துப் பார்த்தார். அந்தப் பசையால் உருவான போஸ்ட்-இட் ஒட்டுச்சீட்டு 1980-ல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. இதில் 15 சதவீத நேரத்தைப் போலவே முக்கியம், பயன் தெரியாத ஒன்றை மற்றப் பிரிவினருக்குக் காட்ட மேடை இருந்தது. 3எம்-ல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கான மன்றம் 1951-லிருந்தே இருக்கிறது. மேலாளர் ஆகாமலேயே விஞ்ஞானியாகப் பதவி உயரும் தனிப் பாதையும் இருக்கிறது. அதுவும் ஒரு வெகுமதிதானே! நிபுணராகவே இருந்தால் சம்பளம் நின்றுவிடும் என்ற இடத்தில், நிபுணர்கள் மேலாளர்களாகிவிடுவார்கள். அவர்களுடைய அறிவு மீட்டிங்குகளுக்குப் போய்விடும்.

சில்வரின் பசைக்கு முதல் வருடத்தில் புள்ளி போட்டிருந்தால் பூஜ்யம்தான் வந்திருக்கும். புள்ளி முறையில் எனக்குள்ள மிகப் பெரிய பயம் இது.

கோடுகுறி:

மென்பொருள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு விஷயம். நீங்கள் எந்தப் பரிசு வைத்தாலும், ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறை நிறுவனத்தில் இருந்தால் எல்லாம் வீண். மைக்ரோசாஃப்ட் அந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் மேலே போனால் நான் கீழே வருவேன் என்றால், அவருக்கு நான் ஏன் சொல்லித்தர வேண்டும்? கியர்பெட்டி, "அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குப் பணம்" என்பதும் வரிசைதான்.

அறிவை மறைப்பது எப்போதும் பொய் சொல்வதுபோல் இருக்காது. கேத்தரின் கானலி குழு 2012-ல் இதை மூன்றாகப் பிரித்தது: தெரியாததுபோல் இருப்பது, அரைகுறையாகவோ "அப்புறம் தருகிறேன்" என்றோ சொல்லி நழுவுவது, "அது ரகசியம், சொல்லக்கூடாது" என்று காரணம் காட்டுவது. நான் அதிகம் பார்த்தது இரண்டாவது வகை. அது போர்ட்டலில் அழகாக ஒளிந்துகொள்ளும். ஆவணம் இருக்கும், படித்தால் வேலை நடக்காது.

மருந்துச்சீட்டு:

இவ்வளவு நேரம் வெற்றி பெற்ற அறிவைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். புதுப் பொருள் உருவாக்கத்தில் மிக விலையுயர்ந்த அறிவு தோல்வியில் இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. நான் மருந்துத் துறை. எங்களிடம் பெரும்பாலான முயற்சிகள் தோற்பவைதான்.

எலி லில்லி நிறுவனத்தின் பெமெட்ரெக்செட் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைகளில் சிலருக்குக் கடுமையான நச்சு விளைவு, உயிரிழப்பும் இருந்தது. அங்கேயே மூடிவைத்திருக்கலாம். ஆனால் யாருக்கு அப்படி ஆகிறது என்று தரவைத் திரும்பத் தோண்டினார்கள். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு அதிகமாக இருந்தவர்கள், அதாவது ஃபோலிக் அமிலம் குறைந்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மருந்தோடு ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துக் கொடுத்ததில் நச்சு விளைவு வெகுவாகக் குறைந்தது. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போது உங்கள் நிறுவனத்தில் "தேதிக்குள் முடித்தால் போனஸ்" என்ற விதியோடு இதைப் பொருத்திப் பாருங்கள். தோல்வியைத் தோண்டுகிறவருக்கு அந்த விதி எதிரி. அது மட்டுமல்ல, ஒரு டிசைன் தேறாது என்று மூன்றாவது மாதமே தெரிந்தவர் ஒன்பதாவது மாதம் வரை வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் டீமின் போனஸ் போகும், எல்லோரும் அவரை முறைப்பார்கள்.

குஸ்தாவோ மான்சோ 2011-ல் இதைக் கணித மாதிரியாகவே காட்டினார். புதுமை வேண்டுமானால் தொடக்கத் தோல்வியைப் பொறுத்துக்கொண்டு, நீண்டகால வெற்றிக்குப் பரிசு கொடுக்கும் ஒப்பந்தம் வேண்டும். பின்னர் ஃப்ளோரியன் எடரரோடு சேர்ந்து சோதனையும் செய்தார். கணினியில் ஒரு எலுமிச்சைச் சாறு கடை. ஒரு குழுவுக்கு நிலையான சம்பளம், இன்னொன்றுக்கு ஒவ்வொரு சுற்றின் லாபத்திலும் பங்கு, மூன்றாவதற்குப் பின்பாதிச் சுற்றுகளின் லாபத்தில் மட்டும் பங்கு. சிறந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் மூன்றாவது குழுவில்தான் அதிகம். ஆரம்பத்தில் தடுமாறினால் இழப்பு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். பணம் இருந்தது, ஆனால் சரியான காலத்தில் இருந்தது.

நிதிமேசை:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பணம் கெட்டது என்பதில்லை, அவசரப் பணம் கெட்டது. ஜோஷ் லெர்னரும் ஜூலி வுல்ஃபும் 2007-ல் அமெரிக்க நிறுவனங்களின் ஆராய்ச்சித் தலைவர்களின் சம்பளத்தைப் பார்த்தார்கள். மையப்படுத்திய ஆராய்ச்சி அமைப்பு உள்ள நிறுவனங்களில், பங்குகள் போன்ற நீண்டகால ஊக்கம் அதிகம் இருந்த இடத்தில், மற்றவர்கள் அதிகம் மேற்கோள் காட்டிய காப்புரிமைகள் வந்தன. வருடாந்திர போனஸோடு அப்படித் தொடர்பு தெரியவில்லை.

ஆனாலும் என் பழைய வாதத்தை விடவில்லை. பெயரும் நேரமும் கொடுத்துவிட்டு, பொருள் விற்றுப் பணம் குவியும்போது அதைச் செய்தவர்களுக்குப் பங்கு இல்லை என்றால் அது அநியாயம்.

மேசைஎச்ஆர்:

எனக்கு இப்போது ஒரு வழி தெரிகிறது, சரியா என்று பாருங்கள். ஆவணத்துக்குப் புள்ளி என்பதை எடுத்துவிடலாம். அதற்குப் பதில், டிசைன் மறுஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு டீமும் "இதில் எதை வெளியிலிருந்து எடுத்தோம், யாரிடமிருந்து" என்று சொல்ல வேண்டும். எடுத்தவர் எழுதும் அந்தக் குறிப்பே அளவீடு. கொடுத்தவர் தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்ள வேண்டியதில்லை. அது இருவர் அப்ரைசலிலும் போகும். இதை நான் நிர்வாகத்திடம் எண்ணாகவும் காட்ட முடியும்.

கோடுகுறி:

நல்ல யோசனை. ஆனால் நண்பர்கள் இருவர் ஒருவர் பெயரை ஒருவர் எழுதிக்கொள்வார்கள்.

ஆய்வேடு:

கொஞ்சம் நடக்கும். ஆனால் மறுஆய்வில் "அந்த அறிவால் என்ன மாறியது?" என்று கேட்டால் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். சக பொறியாளர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் வெற்றுப் புகழை நீட்டிக்கொண்டு போவது கஷ்டம். யுரேகாவில் சக டெக்னீஷியன்கள் சோதித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று. டொயோட்டாவில் ஒவ்வொரு பொறியியல் பிரிவும் தன் பாகத்துக்கான சரிபார்ப்புத் தாள்களை வைத்திருக்கிறது. எது முடியும், எது முடியாது, எந்த வளைவில் தகடு கிழியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு புது மாடலிலும் கற்றதை அதிலேயே சேர்ப்பார்கள், அடுத்த டிசைனை அதை வைத்தே சோதிப்பார்கள். அங்கே அறிவு வேலை நடக்கும் வழியிலேயே கிடக்கிறது. தனியாகப் போய்த் தேட வேண்டிய போர்ட்டலில் இருந்தால், தேட வேண்டும் என்று தோன்றுகிறவருக்கு மட்டும்தான் கிடைக்கும். ரெசின் விஷயத்தில் உங்களுக்கு அது தோன்றவே இல்லை அல்லவா.

கியர்பெட்டி:

நன்றி, எல்லோருக்கும். நேற்று இரவு முழுக்க இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நிர்வாகத்துக்கு நான் எழுதப்போவது இது.

தேதி போனஸை எடுத்துவிடச் சொல்லப்போவதில்லை, அது நடக்காது. ஆனால் அதன் பெரும்பகுதியைப் பொருள் சந்தைக்கு வந்து ஒரு வருடம் கழித்து, திரும்பி வந்த பழுதுகளையும் பார்த்துக் கொடுக்கச் சொல்வேன். தேறாத டிசைனை ஆரம்பத்திலேயே நிறுத்தச் சொன்ன டீமுக்கு போனஸ் கழியக்கூடாது என்பதையும் எழுத்தில் கேட்பேன். போர்ட்டல் இருக்கட்டும், புள்ளி வேண்டாம். மேசைஎச்ஆர் சொன்ன மறுஆய்வுக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், உங்களிடமிருந்து எடுத்தது என்று எழுதியே தருகிறேன். வார்ப்புக்கூடம் கேட்ட நேரத்துக்கு, மற்றப் பிரிவுக்கு உதவிய நாட்களைப் புராஜெக்ட் கணக்கில் தனியாகப் பதிய ஒரு குறியீடு கேட்பேன். இப்போது அப்படி ஒன்று இல்லாததால் உதவும் நேரமெல்லாம் திருட்டு நேரமாக இருக்கிறது. நிதிமேசை, காப்புரிமைப் பங்கைத் தனிக் கோரிக்கையாக வைக்கிறேன். ஒன்றாகச் சேர்த்தால் இரண்டும் தள்ளிப்போகும்.

சர்வீஸ்பையன்:

ஒரு கேள்வி விட்டுப்போகிறது. உங்கள் சோதனைக்கூடத்திலும் அசெம்பிளியிலும் ஒப்பந்த ஊழியர்கள் இருப்பார்களே? ரெசினைக் கையால் ஊற்றுகிறவர்கள் யார்? போனஸ், அப்ரைசல், காப்புரிமை எல்லாம் நிரந்தர ஊழியருக்கு. அறிவில் பாதி அந்தக் கையில் இருக்கிறது.

கியர்பெட்டி:

ஊற்றுகிறவர்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் வராது, ஏஜென்சி பெயர்தான் வரும்.

மேசைஎச்ஆர்:

போனஸுக்கு ஒப்பந்தம் இடம் தராமல் போகலாம், சட்ட ஆலோசகரைக் கேட்க வேண்டும். ஆனால் மறுஆய்வுக் குறிப்பில் பெயர் எழுத யாரும் தடுக்க முடியாது. மறுஆய்வுக் கூட்டத்துக்கு அவர்களை அழைக்கவும், அந்த நேரத்துக்கு ஏஜென்சி மூலம் கூலி கொடுக்கவும் இன்றைய விதியிலேயே வழி இருக்கிறது. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்தக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். அந்த வரிக்கு நான் எச்ஆர் பக்கத்திலிருந்து வாசகம் எழுதித் தருகிறேன், நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.